பிள்ளையாருக்கு ஒன்றரை முழம்

மயிலாப்பூரில் நீரஜா மாமி வீட்டு வாசலில் கார் நிறுத்த இருக்கிற இடம் எவ்வளவு தெரியுமா? முன்னால் மின்சாரப் பெட்டி, பின்னால் அய்யாதுரையின் இஸ்திரி வண்டி. நடுவில் மாமியின் காரைவிட இரண்டரை முழம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதுவும் சும்மா கிடைத்ததல்ல. காலி பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் ஒரு பைப்பைச் செருகி, வேறு எவனும் வந்து நுழையாமல் பதினோரு வருடமாக என் புருஷன் வேலு காவல் காத்த இடம்.

அந்த இடத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மாமி வீட்டு மதில் சுவரில் ஒரு மாடம், அதில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பிள்ளையார். தெருவில் போகிற யாராக இருந்தாலும் அந்த இடம் வந்ததும் காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு நிற்பார்கள். காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம். முகம் சுவரைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து. பின்னால் லாரி வந்தாலும் திரும்ப மாட்டார்கள்! அவர்களுக்காக வேலு சுவரிலிருந்து ஒன்றரை முழம் விட்டுத்தான் வண்டியை நிறுத்துவான். ஆனால் சொருகும்போது வண்டியின் பின்பக்கம் முதலில் சுவர்வரை போய்த்தான் திரும்பும். அந்த ஒரு நிமிடம் பிள்ளையார் பக்கம் ஆள் இருக்கக் கூடாது.

வேலு சொருகினால் ஸ்டியரிங்கை ஒரே ஒடிதான். முன்னே போய் இன்னொரு தரம் எடுக்கிற பேச்சே கிடையாது. "இன்னா நைனா, அளவெடுத்துத் தெச்சா மாதிரி கீது!" என்பார் அய்யாதுரை. வேலு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கண்ண மூடிக்கினே போடுவேன்" என்பான். வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க!

நான் தேவானை. மாமி வீட்டிலும் அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கிறேன். மாமி வீணை வாத்தியார். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் வெளிநாட்டில். காலையில் அடையாறு போய் ஒரு வகுப்பு, வியாழக்கிழமை தி. நகரில் ஒரு வகுப்பு, வரும்போது வண்டியில் கூடவே நாலு குழந்தைகள், எல்லாம் வேலுவின் கையில்தான்.

சித்திரையில் ஆரம்பித்தது வினை. ஆற்றங்கரைக் குடிசையைக் காலி பண்ணி எங்களைப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்களே, அந்த எட்டாவது மாடி வீட்டில் ஒரு நாள் காலையில் டீயை அவனுக்கு இடது பக்கமாக வைத்தேன். துழாவினான். டம்ளர் சாய்ந்து தொடையெல்லாம் டீ.

"எங்கமே வெச்ச?"

"கண்ணெதிர்ல கீது. தெரியல?"

சாய்ந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலு திட்டினால் எனக்குப் பயமில்லை, நானும் திட்டுவேன். அன்று அவன் திட்டவில்லை. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டதாம். இடது கண் சுத்தமாகப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, அது பெரிதாகிக்கொண்டே வருகிறதாம்.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"செக்யூரிட்டிங்க" என்றான் வேலு, வாய் கூசாமல்.

"சரி. வண்டி கிண்டி மட்டும் ஓட்டாதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் கத்தின கத்தலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். வேலு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "மாமியாண்ட மட்டும் சொல்லிடாதமே. அந்த ஸ்டியரிங்க வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. வீட்டில் பெண் மணிமொழி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அதையும் நினைத்தேன், அவனையும் பார்த்தேன், பாவமாக இருந்தது. மறுநாள் மாமியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அது என் முதல் தப்பு.

அப்புறம் நான் அவன் கண்ணானேன். பத்தரை மணிக்கு அடையாற்றிலிருந்து வண்டி வரும். மாமி கேட் வாசலில் இறங்கி உள்ளே போய்விடுவாள். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிள்ளையார் பக்கம் போய் நிற்பேன். "வா... வா... ஒடி... இன்னும் ஒடி... அந்தாண்ட ஒடி... நில்லு!" தோப்புக்கரணம் போட வருகிறவர்களைக் கையை நீட்டித் தடுப்பதும் நான்தான்.

"இன்னாக்கா, கண்ணாலம் ஆயி இருவது வருசம் கயிச்சு இப்பத்தான் லவ்வா?" என்று அய்யாதுரை கிண்டல் பண்ணுவார். மாமியோ இன்னும் ஒரு படி மேலே. வீணை கற்க வருகிற பெண்களிடம் ஜன்னல் வழியாகக் காட்டி, "பாருங்கோ, ஆத்துக்காரனுக்காக வெயில்ல நின்னுண்டு எப்படிக் கை காட்டறா! இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா?" என்பாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். சோறு போடுகிற வீட்டின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தோம்.

நிறுத்துகிற இடத்தில் நான் இருக்கிறேன், சரி. அடையாறு பாலத்தில் யார் இருக்கிறார்கள்? மாமி வண்டியில் ஏறிப் போனபிறகு பாத்திரம் தேய்க்கிற என் கை தானாக நின்றுவிடும். தெருவில் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடுவேன். ஆனியில் ஒரு நாள் வேலு அந்த பெயின்ட் டப்பாமேலேயே ஏற்றினான். அவன் கையால் வைத்த டப்பா!

அன்று பிடித்தேன் பிடி. "எனக்கு ஓட்டக் கத்துக் குடு. மாமியாண்ட சொல்லிட்டு அந்த சீட்ல நான் குந்தறேன். இல்லன்னா இப்பவே உள்ள போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"உனக்கா? உனக்கு இன்னா தெரியும்?"

"லைசென்ஸ் கீதுய்யா."

இருந்தது. பெண்களுக்கு இலவசமாக டிரைவிங் சொல்லித் தருகிறோம் என்று பெரும்பாக்கத்துக்கு வந்தார்கள், போனேன், எட்டுப் போட்டேன், கார்டும் வந்தது. ஆனால் அந்த வண்டியில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு கிளச்சு, ஒரு பிரேக்கு. பாதி வேலையை அவர் கால்தான் செய்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நானே ஓட்டியதாக நினைத்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறையெல்லாம் பூட்டியிருக்கும், சந்துகளில் ஆள் இருக்காது. 'மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறேன்' என்று மாமியிடம் ஒரு பொய்யைச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வருவான். தப்புமேல் தப்பு, கேளுங்கள். சிமென்ட் டப்பா ஒன்று முன்வண்டி, தகர டிரம் ஒன்று பின்வண்டி. ஷட்டர் ஓரமாக ஒரு செங்கல்லை நிறுத்தி, "இதான் புள்ளையாரு" என்றான்.

முதல் நாளே பிள்ளையாரைச் சாய்த்தேன். இரண்டாம் தரம் டிரம்மைச் சாய்த்தேன். மூன்றாம் தரம் வண்டி நடுத் தெருவில் குறுக்கே நின்று உறுமிவிட்டு அணைந்தது.

"சோத்துக் கைய ஒடின்னா இன்னாத்துக்கு பீச்சாங்கைய ஒடிக்கிற?"

"நீ ஒயுங்கா சொன்னாத்தான! ஒடி ஒடின்னா எந்தாண்ட ஒடிக்கிறது?"

பாவம், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. என்னைத் தள்ளிவிட்டு அவனே உட்கார்ந்து, மெதுவாகப் போட்டுப் பார்த்து, தன் கை என்ன செய்கிறது என்று தானே கவனித்து, அப்புறம் சொன்னான். "முன் வண்டிக்கு நேரா போ. உன் தோளும் அது தோளும் ஒண்ணா வரணும். நில்லு. இப்போ ஃபுல்லா லெஃப்ட்ல ஒடிச்சிக்கினு பின்னால வா. வலது கண்ணாடில பின் வண்டி மூஞ்சி முழுசா தெரிஞ்சா சக்கரத்த நேராக்கு. உன் மூக்கு முன் வண்டிய தாண்டினதும் அந்தாண்ட ஒடி. அவசரப்படாத. கிளச்ச வுட்டு வுட்டுப் புடி, வண்டி நகர்றதே தெரியக் கூடாது."

ஒவ்வொரு தரமும் நான் நிறுத்தியதும் கேட்பான், "புள்ளையாரு வியுந்தாரா?" அவன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியேதான் அந்தச் செங்கல் இருக்கும். அவனுக்குத் தெரியாது. ஒரு தரம் அலுத்துப்போய், "வியல" என்று பொய் சொன்னேன். குழந்தை மாதிரி சிரித்தான். செங்கல் அங்கே இரண்டாக உடைந்து கிடந்தது. "வியுந்துடிச்சுய்யா, சும்மா சொன்னேன்" என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. "பொய் சொல்லாதமே. நீ பொய் சொன்னா அப்பறம் எனக்கு இன்னா கீது?" என்றான்.

ஐந்தாவது ஞாயிறு, பிள்ளையார் அசையவில்லை. டிரம் அசையவில்லை. இறங்கி அளந்தேன், சுவருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றரை முழம், கோடு போட்ட மாதிரி. நடுத் தெருவில் நின்று கை தட்டினேன். "நாளைக்கே மாமியாண்ட சொல்லிடலாம்யா."

வேலு செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். "நாளைக்கா? ஆடி பொறக்குது. ஆடில போய் வேல மாத்துற பேச்ச எடுப்பாங்களா? ஆவணி ஒண்ணாந் தேதி ரெண்டு பேருமா போவோம். நல்ல நாள்ல சொன்னா மாமியும் சரின்னுவாங்க."

நானும் தலையாட்டினேன். ஆடியில் ஒரு துடைப்பம்கூடப் புதிதாக வாங்காதவள் நான். ஆடி வெள்ளிக்குக் கண் தெரியுமா, ஆவணிக்குக் கண் தெரியுமா? குருட்டுக் கண்ணுக்கு எந்த மாசமாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் இரண்டாவது தப்பு. இரண்டில் இதுதான் பெரிது.

ஆடி மூன்றாம் வெள்ளி. வேலு வழக்கம்போல எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டான். திருவான்மியூரில் தெருவை மறித்துக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. நான் ஸ்டாப்பில் குதித்து மாமி தெருமுனைக்கு ஓடி வரும்போது மணி பத்தே முக்கால் இருக்கும்.

வண்டி நடுத் தெருவில் நின்றிருந்தது. எனக்காகத்தான் காத்திருக்கிறான் என்று புரிந்தது. பின்னால் ஒரு தண்ணீர் வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மாமி இறங்கிவிட்டாள். தினமும் கேட்டைத் திறந்து நேராக உள்ளே போகிறவள், அன்று ஆடி வெள்ளி என்று கையில் அறுகம்புல்லோடு பிள்ளையார் பக்கம் திரும்பினாள். அறுகம்புல்லை வைத்தாள். காதைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வண்டியின் பின் விளக்கு வெள்ளையாக எரிந்தது.

"நில்லு! யோவ், நில்லுய்யா!"

வேன்காரனின் ஹாரனில் என் குரல் எங்கே எடுபடும்? மாமி உட்கார்ந்தாள். வண்டி வழக்கம்போல ஒரே ஒடியாக, அழகாக, அளவெடுத்தாற்போலப் பின்னால் வந்தது. அவள் எழுந்திருக்கும்போது இடுப்பில் இடித்தது. மாமி சுவரில் கையை ஊன்றினாள். 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அய்யாதுரை பிறகு சொன்னார். நான் கேட்டது மாமியின் "பிள்ளையாரப்பா!" மட்டும்தான்.

அய்யாதுரை ஓடி வந்து பானெட்டில் அறைந்தார். வேலு இறங்கினான். எதில் இடித்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை நீட்டித் துழாவிக்கொண்டே வந்தவன் மாமியின் புடவையைத் தொட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாமியின் வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அவள் வீணை மீட்டுகிற கை.

தெரு கூடிவிட்டது. யாரோ வேலுவின் சட்டையைப் பிடித்தார்கள். அந்த வலியிலும் மாமி, "விடுங்கோ அவனை! அவன் மேல தப்பில்லை. வண்டி வரும்போது நான்தான் திடீர்னு உட்கார்ந்துட்டேன். பதினோரு வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டறவன்" என்றாள்.

வேலு தலையைத் தூக்கினான். "ஆமா மாமி... நீங்கோ டக்குனு குந்திட்டீங்கோ. கண்ணாடில பாத்துக்கினுதான் வந்தேன்."

அடப்பாவி! அந்த இடத்திலேயே அவனை அறைந்திருப்பேன். மாமியின் கை முதலில் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் தடுமாறிப்போய் மறுபடியும் ஸ்டியரிங் பக்கம் போனதைப் பார்த்ததும் முன்னால் போய் மறித்தேன். "தள்ளு. அந்தாண்ட போய் குந்து."

ஈக்காட்டுத்தாங்கல் சந்துகளைத் தவிர எங்கேயும் ஓட்டாதவள், மயிலாப்பூர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. ஆட்டோக்காரர்கள் என் வம்சத்தையே திட்டிக்கொண்டு போனார்கள். போங்கடா. கண்ணாடியில் பார்த்தால் பின் சீட்டில் மாமி, கையை முந்தானையில் தாங்கிக்கொண்டு, "வேலுவை ஆத்துக்குப் போய்த் திட்டாதே, என்ன?" என்கிறாள்.

எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். இரண்டு மாசம் வீணையைத் தொடக் கூடாது, அப்புறமும் விரல் பழையபடி மடங்குமா என்பதைப் பார்க்க வேண்டும் என்றார்.

திரும்பி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. மாமி கேட் வாசலில் இறங்கினாள். அய்யாதுரை டப்பாவை நகர்த்தினார். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். தோளுக்குத் தோள் நிறுத்தினேன். ஒடித்தேன். வலது கண்ணாடியில் இஸ்திரி வண்டி முழுசாகத் தெரிந்தது, நேராக்கினேன். மூக்கு மின்சாரப் பெட்டியைத் தாண்டியது, அந்தப் பக்கம் ஒடித்தேன். வண்டி நகர்வதே தெரியவில்லை. பிள்ளையாருக்கு ஒன்றரை முழம்.

"வேலு போட்டா மாதிரியே கீது!" என்றார் அய்யாதுரை.

"அட, எப்போடி கத்துண்டே? வேலுவா சொல்லிக் கொடுத்தான்?" மாமிக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. இந்தப் பெருமையைக் கேட்கத்தானே ஐந்து ஞாயிறு அந்தச் சந்தில் வேர்த்து வடிந்தேன். என் காதில் அது ஏறவே இல்லை.

மாமி உள்ளே போகவில்லை. பிள்ளையார் முன்னால் போய் நின்றாள். வலது கை தூளியில் தொங்கியது. இடது கையால் வலது காதைப் பிடித்துக்கொண்டு, பாதி உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா. வழியில உட்கார்ந்து ஒரு நல்லவன் பேரைக் கெடுக்க இருந்தேன். இனிமே உள்ளே இருந்தே சேவிச்சுக்கறேன்."

மறுபடியும் உட்காரப் போனாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். பின்னால் வேலு, "தேவான..." என்று இழுத்தான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாக் கெஞ்சலும் இருந்தது. எனக்குக் கேட்டது.

"மாமி, போதும். நீங்கோ குந்தினதால இல்ல. நின்னுக்கினு இருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

மாமிக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். சித்திரையில் சாய்ந்த டீ டம்ளரிலிருந்து இந்த ஆடி வெள்ளி வரை, ஒன்றையும் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னேன்.

"அப்போ நீ தினமும் வெயில்ல நின்னுண்டு கை காட்டினது?"

"அவரு கண்ணு நான்தான் மாமி."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை நாலு குழந்தைகளை அந்த வண்டியில ஏத்திண்டு வந்தேனே, தேவானை" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் குழந்தைகளை நான் ஒரு தரம்கூட நினைத்ததில்லை. மாமியை நினைத்தேன், வேலுவை நினைத்தேன், என் பெண்ணை நினைத்தேன். பின் சீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிற அந்த நாலும் என் கணக்கிலேயே இல்லை.

மாமி இடது கையை நீட்டினாள். சாவியை வைத்தேன். "போயிட்டு வாங்கோ" என்றுகூடச் சொல்லவில்லை. நாளைக்கு வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. கேட் மூடிக்கொண்டது. அய்யாதுரை இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

பஸ் ஸ்டாப் வரை வேலு எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான். திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் செய்தது சரி, ஆனாலும் இருபது வருடம் சேர்ந்து சாப்பிட்டவனைத் தெருவில் வைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் நிஜம்.

பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு எதிர்ப் பக்கம் போக வேண்டும். வேலு சாலை ஓரத்தில் நின்றான். பஸ், ஆட்டோ, பைக்கு, விட்டு விட்டு வந்தன. மற்றவர்கள் தாண்டினார்கள். அவன் ஒரு காலை வைத்தான், எடுத்தான். மறுபடியும் வைத்தான், எடுத்தான். இத்தனை மாசமும் இவன் எப்படிச் சாலையைத் தாண்டினான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. அப்புறம் முன்னால் பார்த்தபடியே இடது கையை என் பக்கம் நீட்டினான்.

"தேவான, அந்தாண்டேர்ந்து இன்னா வருதுன்னு பாத்து சொல்லு. எனக்குத் தெரியல."

சித்திரையிலிருந்து இன்று வரை 'தெரியல' என்ற வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டதே இல்லை. கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தேன், ஒரு ஆட்டோ போகட்டும் என்று நின்றேன், இன்னொரு தரமும் பார்த்தேன்.

"ஒண்ணும் வரல. வா" என்றேன்.